மூடியைத் திறப்போம்: கணினிப் பெட்டிக்குள் இருப்பவை



மேசைக் கணினியின் அந்தப் பெரிய பெட்டியை நம் வீடுகளில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? பெரும்பாலும் "சிபியூ". கெட்டுப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், "அண்ணே, சிபியூ வேலை செய்யல" என்கிறோம். உண்மையில் சிபியூ என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே ஒரு சில்லு. ஒரு சின்ன பிஸ்கட் அளவுதான் இருக்கும். முழுப் பெட்டியையும் சிபியூ என்பது, காரை "இஞ்சின்" என்று கூப்பிடுவது மாதிரி.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். பணம் இருக்கிறது. எங்கள் தாமானில் ஓர் அத்தையின் மகன் அப்போது படிவம் ஐந்து. கணினியைத் திறந்தால் காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கடையில், "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லி 1,800 ரிங்கிட்டுக்கு விலைச்சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அத்தை கூட்டுப் பணத்தை எடுக்கத் தயாராகிவிட்டார். நான் பெட்டியைத் திறந்து, ரேம் பலகையைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை அழிப்பானால் துடைத்து, மறுபடியும் அழுத்திப் பொருத்தினேன். படம் வந்தது. அவ்வளவுதான் கோளாறு. பொறியியல் படித்ததால் இதைச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் எது எது இருக்கிறது என்று தெரிந்த யாரும் செய்திருக்கலாம்.

எல்லாக் கடைக்காரர்களும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேர்மையான கடைக்காரருக்கும் சரியான கேள்வி கேட்கும் வாடிக்கையாளரைத்தான் பிடிக்கும். அந்தக் கேள்விகளைக் கேட்க நமக்குத் தெரிய வேண்டும். இந்தப் பாடம் அதற்குத்தான்.

முதலில் பாதுகாப்பு

கணினியை முறையாக அணைத்து, சுவரிலிருந்து வயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். பெட்டியின் பின்புறத்தில் பக்கவாட்டு மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்களைக் கழற்றினால் மூடி பின்பக்கமாக நகர்ந்து வந்துவிடும். உள்ளே கை வைப்பதற்கு முன், சாயம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் நமக்குத் தெரியாமலேயே ஒரு சில்லைக் கெடுத்துவிடக்கூடும்.

ஒரே ஒரு கட்டளை: பவர் சப்ளை பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஒரு தண்ணீர்ப் பந்தல் சமையல்கூடம்

தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் உதவிக்கு நின்றவர்களுக்குக் கணினி சுலபமாகப் புரியும். அங்கே சமையல்காரர் இருப்பார். அவர் முன்னால் காய்கறியும் அரிசியும் பரப்பிய மேசை இருக்கும். கொஞ்சம் தள்ளி ஸ்டோர் இருக்கும். அடுப்புக்கு எரிவாயு வரும். இவை எல்லாவற்றையும் இணைக்கும் தரையும் நடைபாதையும் இருக்கும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

1. பவர் சப்ளை

பெட்டியின் மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ இருக்கும், காற்றாடி வைத்த இரும்புப் பெட்டி இது. நம் சுவரிலிருந்து வருவது சுமார் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். சில்லுகளுக்கு அது விஷம். பவர் சப்ளை அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுக்கிறது. இதிலிருந்து கிளம்பும் வயர்க்கூட்டத்தில் பெரியது 24 முனை கொண்டது. அது மதர்போர்டுக்கு. 4 அல்லது 8 முனை கொண்ட இன்னொன்று பிராசசருக்கு. இந்த இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் கணினி எழுந்திருக்காது.

பழைய பவர் சப்ளைகள் சிலவற்றின் பின்புறம் சின்னச் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். அதில் 115, 230 என்று எழுதியிருக்கும். நம் நாட்டில் அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்கு மாற்றிவிட்டுப் பிளக்கைச் செருகினால் "டப்" என்ற சத்தத்தோடு கதை முடியும். வீட்டில் குட்டிப் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

2. மதர்போர்டு

மூடியைத் திறந்ததும் கண்ணில் படும் பெரிய பலகை. சமையல்கூடத்தின் தரையும் நடைபாதையும் இதுதான். எல்லாப் பாகங்களும் இதில்தான் வந்து செருகப்படுகின்றன. எல்லாத் தகவலும் இதன் மெல்லிய செம்புக் கோடுகள் வழியாகத்தான் ஓடுகிறது.

அதில் காசு மாதிரி ஒரு வெள்ளி நிறப் பேட்டரி தெரிகிறதா? அதன் பெயர் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. கணினியை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பது இதுதான். பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும் சின்ன மென்பொருளான பயாஸ், மதர்போர்டில் தனிச் சில்லு ஒன்றில் இருக்கிறது. அது எல்லாப் பாகங்களையும் "இருக்கியா, இருக்கியா" என்று கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் விண்டோஸ் வருகிறது.

3. பிராசசர்

இவர்தான் சமையல்காரர். உண்மையான சிபியூ. பெரும்பாலும் பெரிய காற்றாடிக்கு அடியில் மறைந்திருப்பார்.

விளம்பரத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், ஒரு விநாடிக்கு 300 கோடித் துடிப்புகள் என்று பொருள். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளிகூட சுமார் 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். ஆறு கோர் என்றால் ஆறு சமையல்காரர்கள். அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி மாதிரி ஒரு மிகச் சிறிய, மிக வேகமான நினைவகம் இருக்கும். அதைத்தான் கேஷ் என்கிறோம்.

1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற பிராசசரில் ஏறக்குறைய 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று அதே அளவு இடத்தில் பல நூறு கோடி இருக்கின்றன. இன்னொரு செய்தி, நமக்கு நெருக்கமானது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் தொழிற்சாலையை 1972-இல் திறந்தது நம் பினாங்கில்தான். பழைய இன்டெல் பிராசசரின் மூடியைத் துடைத்துப் பார்த்தால், பலவற்றில் மலேசியாவைக் குறிக்கும் "மலாய்" என்ற சுருக்கம் பொறித்திருக்கும். உங்கள் அம்மாவோ சித்தியோ பாயான் லெப்பாஸில் வேலை பார்த்திருந்தால், கேட்டுப் பாருங்கள். நாம் கையில் வைத்திருக்கும் சில்லை அவர்கள் கையும் தொட்டிருக்கலாம்.

4. ஹீட்சிங்க், காற்றாடி

பிராசசர் வேலை செய்யும்போது சூடாகும். சூடு 100 பாகையை நெருங்கினால் பல பிராசசர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினி தானாக அணைந்துவிடும். அதனால்தான் தலைமேல் அலுமினியத் தகடுகளும் காற்றாடியும். பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவில் பற்பசை மாதிரி ஒரு பசை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்பி வெப்பத்தைக் கடத்துவது அதன் வேலை. பல வருடம் ஆனால் காய்ந்துவிடும். துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.

ஆயுத பூஜைக்குக் கணினிக்கும் பொட்டு வைக்கிறோம். அதற்கு முன் மூடியைத் திறந்து மெல்லிய தூரிகையால் தூசி தட்டிவிட்டு வைக்கலாமே. காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

5. ரேம்

நீளமான சின்னப் பலகைகள். இதுதான் சமையல்காரர் முன்னால் இருக்கும் மேசை. இப்போது நடக்கும் வேலைக்கு வேண்டியது எல்லாம் இதன்மேல் பரப்பி வைக்கப்படும். ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் மின்னூட்டமாக இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருப்பதால், பொதுவாக 64 மில்லிவிநாடிக்குள் ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாக வேண்டும். மின்சாரம் போனால் மேசை துடைத்த மாதிரி ஆகிவிடும். சேமிக்காத அசைன்மெண்ட் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று வகைகள் உண்டு. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. கீழ் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். "ரேம் கொடுங்க" என்று கேட்காமல், "டிடிஆர்4, 8 ஜிபி" என்று கேளுங்கள். முடிந்தால் ஒரே மாதிரி இரண்டு பலகைகளாகப் போடுங்கள். இரண்டு வழியாகத் தகவல் போகும்போது வேகம் கூடும்.

6. ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி

இது ஸ்டோர். மின்சாரம் போனாலும் சரக்கு இருக்கும். ஹார்டு டிஸ்கில் உண்மையாகவே தட்டுகள் சுற்றுகின்றன. நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது விநாடிக்கு 120. வேண்டிய தகவல் இருக்கும் இடம் சுற்றி வரும்வரை அதன் முள் காத்திருக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. எல்லாம் சில்லுதான்.

வித்தியாசம் எவ்வளவு? தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். மேசையிலிருந்து (ரேம்) ஒரு வெங்காயம் எடுக்க 1 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கச் சுமார் 17 நிமிடம். ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கும் மேல்! சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வெங்காயத்துக்கு ஒரு நாள் காத்திருந்தால் சாம்பார் எப்போது கொதிக்கும்? "கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்கு" என்ற புகாரில் பெரும்பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

7. கிராபிக்ஸ்

திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்குப் போடுவது இதன் வேலை. பிராசசர் சில கெட்டிக்காரச் சமையல்காரர்கள் என்றால், கிராபிக்ஸ் சில்லு ஒரே நேரத்தில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேர். ஒவ்வொருவர் செய்வதும் எளிய வேலை. ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கும் இதே சில்லுகள் தேவைப்படுவதன் காரணம் இந்தக் கூட்டு உழைப்புத்தான்.

பல பிராசசர்களிலேயே சிறிய கிராபிக்ஸ் பகுதி உள்ளே இருக்கும். படிப்புக்கு அது போதும். தனி கிராபிக்ஸ் கார்டு விளையாட்டுக்கும், முப்பரிமாண வரைகலைக்கும், வீடியோ எடிட்டிங்குக்கும். ஒரு விஷயம் கவனியுங்கள்: இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் "எஃப்" என்ற எழுத்து வந்தால், அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு இல்லாமல் படம் வராது.

நோய் நாடுவோம்

இப்போது பாகங்கள் தெரியும். இனி அறிகுறியைப் பார்த்துக் காரணத்தை நெருங்கலாம். விதி ஒன்றுதான்: செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள்.

பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லையா? சுவர் சுவிட்ச், வயர், பவர் சப்ளையின் பின்புற சுவிட்ச். பிறகு 24 முனை இணைப்பு. அதன் பிறகுதான் பவர் சப்ளையைச் சந்தேகிக்க வேண்டும். மதர்போர்டு கடைசி.

காற்றாடி சுற்றுகிறது, படம் இல்லையா? மானிட்டர் வயர் சரியான இடத்தில் இருக்கிறதா பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வயர் அந்தக் கார்டில் செருகப்பட வேண்டும், மதர்போர்டில் அல்ல. அடுத்து ரேமைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குப் போகிறதா? சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். சில ரிங்கிட் வேலை.

சிறிது நேரம் ஓடி, தானாக அணைகிறதா? சூடாக இருக்கலாம். தூசி, காற்றாடி, பசை மூன்றையும் பாருங்கள்.

எல்லாமே ஆமை வேகமா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 விழுக்காட்டிலேயே நின்றால் ஹார்டு டிஸ்க் தடை. மெமரி எப்போதும் 90-ஐத் தாண்டினால் ரேம் போதவில்லை. சிபியூ மட்டும் 100-இல் நின்றால், என்ன மென்பொருள் அதைத் தின்கிறது என்று அங்கேயே தெரியும்.

ஹார்டு டிஸ்கில் "டிக், டிக்" என்று புதிய சத்தமா? வேறு எதுவும் செய்யாதீர்கள். முதலில் முக்கியமான கோப்புகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

வாங்கும்போது

"ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை" என்ற விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐ3, ஐ5, ஐ7 என்பது ஒரு குடும்பத்துக்குள் உள்ள வரிசைதான். எந்தத் தலைமுறை என்று அது சொல்லாது. அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ7 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்தது. ஐ3 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்தான். ஆனால் பெயரில் சின்னதான அந்த ஐ3, பழைய ஐ7-ஐவிடத் தெளிவாக வேகமானது. எனவே "ஐ7-ஆ?" என்று கேட்காதீர்கள். "முழு எண் என்ன?" என்று கேளுங்கள். விற்பவர் சொல்லத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்று. 14 அக்டோபர் 2025-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான இலவச ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகிறது. ஆகவே பழைய அலுவலகக் கணினிகள் கூட்டம் கூட்டமாக மலிவாக வெளியே வரும். வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காக, வீட்டில் இருக்கும் ஏழாம் தலைமுறைக் கணினியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் அதில் நன்றாக ஓடும். கட்டுரை எழுத, இணையத்தில் படிக்க, நிரல் பழக அது போதும்.

கையில் கொஞ்சம்தான் பணம் என்றால் என் வரிசை இது: ஹார்டு டிஸ்க் இருந்தால் முதலில் எஸ்எஸ்டி. அடுத்து ரேமை 8 ஜிபிக்குக் கொண்டுபோவது. மூன்றாவதாகத்தான் மற்றவை. வாங்குவதற்கு முன் மதர்போர்டின் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த ரேம், எந்த எஸ்எஸ்டி பொருந்தும் என்பதை அந்தப் பெயரை வைத்துத்தான் சொல்ல முடியும்.

நாம் சேர்ந்து செய்யக்கூடியது

போன ஆண்டு செமெஸ்டர் விடுமுறையில், எங்கள் வட்டாரத்து இலவச டியூஷன் வகுப்புக்கு ஓர் அலுவலகம் நான்கு பழைய கணினிகளைக் கொடுத்தது. நான்கும் எழுந்திருக்கவில்லை. கொடுத்தவர்களே "ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஆகும்" என்றுதான் சொன்னார்கள். படிவம் மூன்று, நான்கு பிள்ளைகள் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். ஒன்றுக்கு பவர் சப்ளை செத்திருந்தது. இன்னொன்றின் மதர்போர்டில் கெபாசிட்டர்கள் வீங்கியிருந்தன. அதன் நல்ல பவர் சப்ளையையும் ரேமையும் எடுத்து மற்றவற்றுக்குப் போட்டோம். மாலைக்குள் மூன்று ஓடின. ஸ்குரூ டிரைவரை அதிக நேரம் பிடித்திருந்தது பதினைந்து வயதுத் தங்கை ஒருத்தி. "பாய்ஸ் வேலை" என்று முதலில் தள்ளி நின்றவள் அவள்தான். இப்போது அங்கே கோளாறு என்றால் பிள்ளைகள் என்னைத் தேடுவதில்லை, அவளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மிஞ்சிய பலகையையும் உடைந்த பாகங்களையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் அவற்றில் இருக்கலாம். மின்னியல் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

இந்த வாரப் பயிற்சி

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். வீட்டிலோ டியூஷன் வகுப்பிலோ பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, மேலே சொன்ன பாதுகாப்பு முறைப்படி ஒரு கணினியைத் திறங்கள். எதையும் கழற்ற வேண்டாம். பார்த்து ஐந்து விவரங்களை எழுதுங்கள்: மதர்போர்டின் மாடல் பெயர், ரேம் எத்தனை பலகை, எந்த வகை, உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்கா எஸ்எஸ்டியா, பவர் சப்ளை எத்தனை வாட். பிராசசரின் முழு எண்ணை மூடியை மாட்டிய பிறகு டாஸ்க் மேனேஜரில் பார்த்து எழுதலாம்.

அந்தத் தாளை மடித்துப் பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது "சிபியூ வேலை செய்யல அண்ணே" என்று ஆரம்பிக்க மாட்டீர்கள். "டிடிஆர்4 ரேம் ஒரு பலகை இருக்கு, இன்னொன்று அதே மாதிரி வேணும்" என்பீர்கள். பேச்சு அங்கிருந்தே வேறு மாதிரி போகும்.